கடலைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்ட படங்கள்

நிலக்காட்சிப் புகைப்படத்தில் கலைத் தாக்கம் எப்படி வேலை செய்கிறது? இராமநாதபுரம் கடற்கரையை வைத்து ஓர் எளிய விளக்கம்

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்காமல் இராமேசுவரத்திலிருந்து திரும்புகிறவர்கள் குறைவு. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சிதைந்த சுவர் ஒன்று ஓரமாக நிற்கும். அதன் திறப்பு வழியே வானம் தெரியும். யாரோ ஒருவர் முதுகைக் காட்டியபடி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், வெவ்வேறு ஊர்க்காரர்கள். படம் மட்டும் ஒரே படமாக இருக்கிறது.

இதற்கு இரண்டு பதில்களை அடிக்கடி கேட்கிறோம். எல்லோரும் காப்பியடிக்கிறார்கள் என்பது ஒன்று. இடமே அப்படித்தான் இருக்கிறது, வேறு எப்படி எடுப்பது என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடும் பதில்கள். நடுவில் இருப்பது தாக்கம். புகைப்பட வகுப்புகளிலும் கண்காட்சிகளிலும் மிகவும் மேலோட்டமாகப் பேசப்படுவதும் அதுதான். "என்மீது யாருடைய தாக்கமும் இல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். "இது இன்னாருடைய தாக்கம்" என்று இன்னொருவர் குற்றம்சாட்டுகிறார். தாக்கம் எந்த இடத்தில் புகுந்து என்ன செய்கிறது என்று தெரிந்தால் இருவருமே அப்படிப் பேச மாட்டார்கள். புதிதாகக் கேமரா வாங்கியவரும், கைபேசியில் மட்டும் படமெடுப்பவரும் பின்தொடரும்படி அதை விளக்கப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பலவும் தொண்டியிலிருந்து தனுஷ்கோடி சுற்றி மூக்கையூர் வரையிலான நம் கரையைச் சேர்ந்தவை.

பேச்சில் தெரியும் ஊர்

கீழக்கரைக்காரர் ஒருவர் சென்னையில் நாலு வார்த்தை பேசினால் போதும், தெரிந்தவர்கள் ஊரைச் சொல்லிவிடுவார்கள். அவர் பேசிய வாக்கியம் அவருடையது. அதற்கு முன் யாரும் அதை அப்படியே சொன்னதில்லை. ஆனால் எந்த எழுத்தை இழுப்பது, எங்கே ஏற்றுவது, எந்தச் சொல்லை விழுங்குவது என்பதெல்லாம் அவர் வளர்ந்த தெருவிலிருந்து வந்தவை. யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு நாக்கில் படிந்துவிட்டது.

கலையில் தாக்கம் என்பது இந்தப் பேச்சு வழக்கைப் போன்றது. நகல் என்பது வேறு. இன்னொருவர் சொன்ன வாக்கியத்தையே திருப்பிச் சொல்வது நகல். உங்கள் வாக்கியத்தை எந்த வழக்கில் சொல்கிறீர்கள் என்பது தாக்கம். வழக்கே இல்லாமல் பேசுகிறவர் உலகத்தில் கிடையாது. தன் வழக்கு தன் காதுக்குக் கேட்காது, அவ்வளவுதான். வெளியூரில் போய் இருந்த பிறகே "நான் இப்படியா பேசுகிறேன்?" என்று வியப்போம்.

அப்படியானால் ஒரு புகைப்படத்தில் இந்த வழக்கு எங்கே குடியிருக்கிறது?

பொத்தானை அழுத்துவதற்கு முன்

பாம்பன் கடற்கரையில் நிற்கிறவருக்கு எல்லாத் திசையிலும் காட்சி இருக்கிறது. கேமராவுக்கு நான்கு விளிம்புகள் மட்டும். எனவே படமெடுப்பவர் சில தேர்வுகளைச் செய்தே ஆகவேண்டும். எங்கே நிற்பது, நின்றா குனிந்தா, காலையா நண்பகலா, கடலும் வானமும் சந்திக்கும் தொடுவானக் கோட்டை மேலே வைப்பதா கீழே வைப்பதா, மீன் உலர்த்தும் பாயை உள்ளே விடுவதா வெளியே தள்ளுவதா. நான்கு விளிம்புகளுக்குள் பொருள்களை இப்படி இடம்பார்த்து அமைப்பதைக் கட்டமைவு என்கிறோம்.

இந்தத் தேர்வுகள் சில நொடிகளில் நடந்துவிடுகின்றன. யோசித்து முடிவெடுக்க நேரமில்லை. படகு நகர்ந்துவிடும், வெளிச்சம் போய்விடும். அப்போது கையை நடத்துவது பழக்கம். "இது நன்றாக இருக்கிறது" என்று மனம் சொல்லும் அந்தக் கணத்தில், முன்பு பார்த்த நூற்றுக்கணக்கான படங்களோடு எதிரே இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே மனம் அப்படிச் சொல்கிறது. ஒப்பிட்டது நமக்குத் தெரியாது. முடிவு மட்டும் தெரியும். அதனால்தான் அதை உள்ளுணர்வு என்று நம்பிவிடுகிறோம்.

தாக்கம் முதலில் புகுவது கவனத்தில். எதிரே இருப்பதில் எது படமாகத் தகுந்தது என்று கண்ணுக்குத் தோன்றுவதே அதன் வேலை. அடுத்து, எதைத் தள்ளிவிடுவது என்பதில். கடைசியாக, எடுத்த படத்தை எவ்வளவு இருட்டாக்குவது, எந்த நிறத்தை ஏற்றுவது, எந்த அளவில் அச்சிடுவது என்ற முடிப்பு வேலையில். இவற்றில் இரண்டாவதுதான் மிக ஆழமானது என்று கருதுகிறேன். தள்ளிவிட்டது படத்தில் இருக்காது என்பதால், அதைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது.

"எனக்குத் தாக்கமே இல்லை" என்பவருடைய படங்களையும் இப்படித்தான் படிக்கவேண்டும். தென் மாவட்டங்களில் வளர்ந்த நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் சிவகாசியில் அச்சான காலண்டர் தொங்கியது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்களில் தெய்வத்துக்குப் பின்னால் ஏரி இருக்கும், மலை இருக்கும், மங்கலான வானம் இருக்கும். போட்டோ ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்கிய திரைச்சீலையிலும் வளைந்த தென்னையும் ஆரஞ்சு நிற அந்தியும்தான். ஒருவர் தன் கடல் படத்தில் அந்தியின் சிவப்பைக் கணினியில் இரண்டு பங்கு ஏற்றுகிறார் என்றால், அந்தச் சிவப்பு தனுஷ்கோடியில் இருந்து வந்ததில்லை. சின்ன வயதில் பார்த்த சுவரில் இருந்து வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலண்டர் ஓவியர்கள் கைதேர்ந்த கலைஞர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்து ஏற்றினால் அது தேர்வு. தெரியாமல் ஏற்றினால் பழக்கம்.

மூன்று சிறுவர்களும் ஓர் ஏரியும்

தாக்கம் என்றால் அதே பொருளைத் திரும்ப எடுப்பது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இது. ஹங்கேரியில் பிறந்த புகைப்படக்காரர் மார்ட்டின் முன்காச்சி, 1930ஐ ஒட்டி ஆப்பிரிக்காவில் எடுத்த ஒரு படம் தங்கனீக்கா ஏரிக்கரைப் படம் என்றே அறியப்படுகிறது. மூன்று சிறுவர்கள் அலைக்குள் பாய்ந்து ஓடுகிறார்கள். இருண்ட உடல்கள், வெள்ளை நுரை. அதைப் பார்த்த பிரெஞ்சு இளைஞர் ஒருவர் புகைப்படத்தில் முழுமூச்சாக இறங்கினார். அவர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன்.

அவர் அதன் பிறகு ஏரிக்கரை தேடி அலையவில்லை. ஓடும் சிறுவர்களையே எடுத்துக்கொண்டிருக்கவும் இல்லை. ஒரு நொடியைப் பிடித்து நிறுத்தினால் அது நிலைத்துவிடும் என்ற செய்தியை மட்டும் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். உருவங்களை ஃபிரேமுக்குள் அடுக்கும் திறமையை அதற்கு முன்பே ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் மாணவராக இருந்தபோது பெற்றிருந்தார். ஒரு புகைப்படமும் ஓர் ஓவியப் பள்ளியும் சேர்ந்து, இரண்டைப் போலவும் இல்லாத மூன்றாவது ஒன்றை உருவாக்கின.

சுருக்கிச் சொன்னால்: தாக்கம் படத்தின் பொருளில் இல்லை. பொருளை நோக்கி எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது.

இடிபாடு ஏன் அழகாகத் தெரிகிறது

இப்போது தேவாலயத்துக்குத் திரும்பலாம். இடிந்த சுவர் அழகு என்று நமக்கு யார் சொன்னது? நம் வீட்டுப் பெரியவர்கள் இடிந்த வீட்டைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், பாழடைந்துபோச்சே என்பார்கள். அதை நின்று ரசிக்கும் பழக்கத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், எந்த மாதிரி நிலக்காட்சி ஓவியத்துக்கு உகந்தது என்று பயணம் செய்து எழுதினார். வழவழப்பைவிடக் கரடுமுரடு நல்லது, முழுக் கட்டடத்தைவிட இடிபாடு நல்லது, முன்னால் இருண்ட பொருள் ஒன்று, நடுவில் வெளிச்சம், தொலைவில் மங்கல். இந்த இலக்கணம் அந்தக் காலத்து ஓவியர்களிடம் பரவியது. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1786இல் கல்கத்தாவுக்கு வந்து, 1792இல் தென்னாட்டுப் பயணத்தைத் தொடங்கினார்கள். கோவில்கள், கோட்டைகள், பாபநாசம் அருவி என்று வரைந்து, இங்கிலாந்து திரும்பி 1795 முதல் 1808 வரை பெரிய அச்சுத் தொகுதிகளாக வெளியிட்டார்கள். பிறகு கேமரா வந்தது. 1858இல் மதராஸ் அரசுக்காக லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் பிரம்மாண்டமான நெகட்டிவ்களில் பதிவு செய்தார். ஓவியத்தில் பழகிய கண்களே தொடக்க காலக் கேமராக்களுக்குப் பின்னால் நின்றன. அங்கிருந்து தபால் அட்டை, சுற்றுலா விளம்பரம், இப்போது கைபேசித் திரை.

தனுஷ்கோடியில் சுவரை முன்னால் இருட்டாக வைத்து, நடுவில் ஆளை நிறுத்தி, பின்னால் கடலை மங்க விடும்போது, கில்பினின் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருவர் கில்பினின் இலக்கணப்படியே படம் எடுக்கிறார். இப்படித்தான் ஒரு தாக்கம் பெயரை இழந்து பொதுச் சொத்தாகிறது.

இந்த இலக்கணம் எதைத் தள்ளிவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அந்தப் புயல் வரும்வரை தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது, தபால் நிலையம் இருந்தது, தலைமன்னாருக்குக் கப்பல் போனது. அந்த இரவில் பாம்பனிலிருந்து வந்த ரயிலே பயணிகளோடு கடலுக்குள் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே தொழில் செய்து வாழ்கிறார்கள். அவர்களுடைய குடிசைகளும் கரைவலைகளும் தேவாலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இடிபாட்டுப் படத்தில் உயிருள்ள ஊர் இருக்கக்கூடாது. இருந்தால் அது இடிபாடாகத் தோன்றாது. அதனால் குடிசை ஃபிரேமுக்கு வெளியே போகிறது. படமெடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருடைய கண்ணுக்குப் பழகிய இலக்கணம் அதை வெளியே தள்ளிவிட்டது.

இரண்டு கடலும் ஒரே கடலான கதை

இன்னொரு தாக்கம் நம் காலத்தது. கடல் நீர் பால்போலவோ புகைபோலவோ படிந்திருக்க, நடுவில் ஒரு கம்பமோ பாறையோ தனியாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். கேமராவுக்குள் ஒளி விழும் அளவை எக்ஸ்போஷர் என்பார்கள். கேமராவின் கதவான ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது அதில் ஒரு பகுதி. பகல் வெளிச்சத்தில் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதுமானதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லென்ஸுக்கு முன்னால் ஒளியைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரைப் பொருத்தினால், அதே வெளிச்சத்தைப் பெற அரை நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்கவேண்டும். அந்த அரை நிமிடத்தில் வந்து போகும் அலைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து, எந்த அலையும் தனியாகத் தெரியாமல் மூடுபனியாகிவிடுகின்றன. நகராத கம்பம் மட்டும் கூர்மையாக நிற்கிறது. இதை நீண்ட எக்ஸ்போஷர் என்கிறார்கள்.

இந்தப் பாணியை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 1953இல் பிறந்த ஆங்கிலேயர் மைக்கேல் கென்னா. அவர் தன் முன்னோடிகளை மறைத்ததே இல்லை. பில் பிராண்ட் 1937இல் ஹாலிஃபாக்ஸ் நகரில் படமெடுத்த கல் பாவிய சரிவுப் பாதைக்கே போய், 1986இல் தானும் படமெடுத்து, தலைப்பிலேயே பிராண்டின் பெயரை வைத்தார். கடன் வாங்குவதில் இப்படி ஒரு கண்ணியமும் இருக்கிறது.

சரி, இந்தப் பாணி நம் கரைக்கு வந்தால் என்ன நடக்கிறது? தனுஷ்கோடி மணல்திட்டின் இருபுறமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும். வடக்குப் பக்கம் குளம்போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை மாறும். படகை எந்தப் பக்கம் இறக்குவது, எந்தக் கரையில் இழுத்து வைப்பது என்பதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. நடந்தே ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போய்விடலாம். இந்தத் திட்டின் தனித்தன்மையே அதுதான்.

கொந்தளிக்கும் ஆண் கடலை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தால் அது பெண் கடலாகிவிடுகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் எது எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாது. கென்னாவுக்கு ஜப்பானின் பனிக் கரையில் அருமையாகப் பொருந்திய ஒரு வழிமுறை, இங்கே இந்த இடத்தின் முதல் உண்மையை அழித்துவிடுகிறது. நீண்ட எக்ஸ்போஷர் கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவிபட்டினத்தின் அமைதியான நீரில், நவபாஷாணக் கற்களுக்கு அருகே, அது இருக்கும் அமைதியையே அழுத்திக் காட்டும். ஒரே கருவி ஓரிடத்தில் உண்மை பேசுகிறது, இன்னோரிடத்தில் மறைக்கிறது. தாக்கத்தை வரவேற்கலாமா என்ற கேள்வியைவிட, அது இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்பது பயனுள்ளது.

இதுவரை பார்த்தது: தாக்கம் என்பது முடிவெடுக்கும் பழக்கம். அது கவனிக்கவும் தள்ளவும் முடிக்கவும் கற்றுத்தருகிறது. ஒரு நிலத்தில் பிறந்த பழக்கம் இன்னொரு நிலத்துக்கு வரும்போது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

புகைப்படத்துக்கு வெளியிலிருந்து

நல்ல நிலக்காட்சிப் புகைப்படக்காரர்களின் ஆழமான தாக்கங்கள் பல நேரங்களில் புகைப்படத்திலிருந்தே வரவில்லை. அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் இளமையில் பியானோ கலைஞராகவே விரும்பினார். இசைப் பயிற்சியின் ஒழுக்கம் அவருடைய இருட்டறைக்குள் வந்தது. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், பிரிண்டை அதை வாசிக்கும் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். அதனால்தான் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, வானத்தை மேலும் மேலும் இருட்டாக்கிக்கொண்டே போனார். ஒரே கீர்த்தனையை ஒரு பாடகர் முப்பது வயதிலும் அறுபது வயதிலும் ஒரே மாதிரி பாடமாட்டார் என்பது நமக்குத் தெரியாததா?

1927இல் அவர் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஒரு பெரும்பாறையை எடுத்த கதையும் இங்கே உதவும். மஞ்சள் ஃபில்டரோடு எடுத்த படம், பாறை தனக்குத் தந்த உணர்வைத் தராது என்று உணர்ந்தார். மிச்சமிருந்த கடைசித் தகட்டில் சிவப்பு ஃபில்டரைப் பொருத்தி எடுத்தார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுப்பதால் கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் ஏறக்குறையக் கறுப்பாகும். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவான பிரிண்டை மனத்தில் பார்த்துவிடுவதை அவர் முன்காட்சிப்படுத்தல் என்ற கருத்தாக வளர்த்தார். ஒரு சுரத்தை வாசிக்கும் முன் மனத்தில் கேட்டுவிடும் பயிற்சி இருந்தவருக்கு அது இயல்பாக வந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடலுக்கே வருவோம். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே ஓவியராகப் பயின்றவர். 1850களின் நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு அதிகமாக எதிர்வினை தருபவை. கடல் சரியாகப் பதிந்தால் வானம் வெளுத்துப்போகும். ஓவியங்களில் மேகமுள்ள வானத்தைப் பார்த்துப் பழகிய அவருக்கு அந்த வெற்று வானம் பொறுக்கவில்லை. வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். கருவியின் குறை எது என்று அவருக்குச் சொன்னதே ஓவியம்தான்.

நம் நாட்டின் ரகுபீர் சிங்கைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்கக்கூடாது. 1966இல் ஜெய்ப்பூரில் கார்த்தியே பிரெஸ்ஸோன் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அங்கே கற்றதை மதித்தார். ஆனால் கறுப்பு வெள்ளையை ஏற்கவில்லை. இராஜஸ்தானிய, முகலாயச் சிற்றோவியங்களின் நாட்டில் பிறந்தவனுக்கு நிறமே மொழி என்று நின்றார். ஆசானிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதைப்போலவே, அவரிடமிருந்து ஒன்றை மறுப்பதும் தாக்கம்தான். மறுப்பதற்கு ஒரு காலூன்றும் இடம் வேண்டும். அது அவருக்கு அந்த ஓவியங்களில் கிடைத்தது.

நமக்குக் காலூன்றும் இடம் எங்கே?

ஒரே மாவட்டத்தில் இரண்டு பள்ளிகள்

இராமேசுவரம் கோவிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். அதன் ஒரு முனையில் நின்றால் தூண் வரிசைகளும் தரையும் கூரையும் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் குறுகிப் போகின்றன. இணையான கோடுகள் சேர்வதுபோல் தோன்றும் அந்த இடத்துக்கு மறைபுள்ளி என்று பெயர். கோவிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. எனவே கண் மட்டும் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு, இருபுறமும் கடல் இருக்க நடுவில் ஒரே நேராகப் போகும் சாலையைப் படமெடுக்காதவர் இல்லை. அந்தப் படங்களில் பிராகாரத்தின் ஞாபகம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குள் போனால் நேர் எதிரான பாடம். மன்னர் கிழவன் சேதுபதி காலத்தில் கட்டப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓவியம் தீட்டப்பட்ட மண்டபம் அது. தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், இராமாயணக் காட்சிகள், சேதுபதியைச் சந்திக்க வந்த ஐரோப்பியர்கள் என்று சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக ஓவியங்கள். இங்கே மறைபுள்ளி கிடையாது. தொலைவில் இருப்பவர் சிறியவராக வரையப்படுவதில்லை. முக்கியமானவரே பெரியவர். ஒரே சட்டத்துக்குள் பல நிகழ்ச்சிகள் சம உரிமையோடு அடுத்தடுத்து நிற்கின்றன. கண்ணை ஒரு புள்ளிக்கு இழுத்துச் செல்லாமல் சுவர் முழுக்க உலவ விடுகிற கலை.

இதைப் புகைப்படத்தில் எப்படிக் கொண்டுவருவது? மாரியூர், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களுக்குப் போங்கள். அகலமான லென்ஸோடு வரப்பின்மேல் நின்றால் பாத்திகள் மறைபுள்ளியை நோக்கி ஓடும், பிராகாரப் படம் கிடைக்கும். வெகு தொலைவில் சற்று உயரமான இடத்தில் நின்று, நீளமான லென்ஸில் பாருங்கள். தொலைவில் நிற்பதால் அருகில் இருப்பதற்கும் தள்ளி இருப்பதற்கும் உள்ள அளவு வேறுபாடு சுருங்கிவிடும். பாத்தி, உப்புக் குவியல், வாரும் ஆள், பின்னால் நிற்கும் பனை எல்லாம் ஒரே தளத்தில் ஒட்டியதுபோல அடுக்காக நிற்கும். விலாசத்துச் சுவர் உங்கள் ஃபிரேமுக்குள் வந்துவிட்டது. சுவரோவியத்தின் எந்த உருவத்தையும் நீங்கள் நகலெடுக்கவில்லை. இடத்தை அடுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

நெய்தல் ஒரு வழிமுறை

நெய்தல் என்ற பெயரைக் கடல் படத்துக்குத் தலைப்பாக வைப்பது எளிது. கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கிறோம். அது தாக்கம் ஆகாது, பெயர்ப்பலகை ஒட்டுவது மட்டுமே. தொல்காப்பியத்தின் திணைக் கொள்கை தருவது அதைவிடப் பெரியது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் உயிரும் மரமும் தொழிலும் கருப்பொருள். அந்த நிலத்துக்குரிய மன ஒழுக்கம் உரிப்பொருள். கடல் சார்ந்த நிலமான நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம்; உரிப்பொருள் இரங்கல். கடலுக்குப் போனவன் வரும்வரை கரையில் இருப்பவளின் மனம்.

சங்கப் புலவர்கள் அந்த மனத்தை நேராகச் சொல்லிவிடுவதில்லை. பொழுதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நண்டையோ நாரையையோ தாழையையோ தேர்ந்தெடுக்கிறார்கள். அது என்ன செய்கிறது என்று மட்டும் துல்லியமாகக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உணர்வை வாசிப்பவர் கண்டுகொள்ள வேண்டும். நிலக்காட்சிப் புகைப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. முதலில் நேரம், பிறகு ஓர் உயிர் அல்லது ஒரு தொழில், அதற்குமேல் சொல்லாமை. அந்தியின் சிவப்பை ஏற்றிச் சோகத்தை உரக்கச் சொல்லும் படத்துக்கும், மண்டபம் கரையில் கடற்பாசி எடுக்கப் போன பெண்ணின் தூக்குவாளி மட்டும் மணலில் இருக்கும் படத்துக்கும் உள்ள தொலைவு இந்த வழிமுறையின் தொலைவு.

காத்திருத்தல் இங்கே பழைய பாட்டோடு முடிந்துவிடவும் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறைக்குப் போனவர்களின் வீடுகள் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் தெருக்களில் இன்றும் இருக்கின்றன. நெய்தலைத் தாக்கமாக ஏற்கும் புகைப்படக்காரர் அந்த வீட்டு வாசலையும் கடற்கரை நிலக்காட்சியின் பகுதியாகப் பார்ப்பார். அங்கே கேமராவைத் தூக்கும் முன் கேட்டு அனுமதி பெறுவார்.

எங்கிருந்து தொடங்குவது

தன் வழக்கு தன் காதுக்குக் கேட்காது என்று பார்த்தோம். படங்களில் அதைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த உங்கள் கடற்கரைப் படங்களைச் சின்ன அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் இது தெரியாது. தொடுவானம் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? மனிதர்கள் எப்போதும் முதுகைத்தான் காட்டுகிறார்களா? விசைப்படகைத் தவிர்த்துப் பழைய வள்ளத்தை மட்டுமே எடுத்திருக்கிறீர்களா? சீமைக் கருவேலம் கரை நெடுக மண்டிக் கிடக்க, ஒரு படத்திலும் அது வரவில்லையா? திரும்பத் திரும்ப வருவதும், ஒருபோதும் வராததும்தான் உங்கள் தாக்கங்களின் பட்டியல்.

பிறகு உங்களுக்குப் பிடித்த ஒரு புகைப்படக்காரரை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பிடித்தவர் யார், அவருக்கு முன்னால் யார் என்று பின்னோக்கிப் போங்கள். கென்னாவிலிருந்து பிராண்டுக்குப் போனதுபோல. இரண்டு தலைமுறை தாண்டினால் பெரும்பாலும் புகைப்படத்தை விட்டு ஓவியத்துக்கோ இசைக்கோ கவிதைக்கோ வந்து சேர்வீர்கள். ஒரே ஒருவரைப் பின்பற்றுகிறவரிடம் நகல் எளிதில் தெரியும். நான்கு கலைகளிலிருந்து எடுத்துக்கொண்டவரிடம் அவை ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும்.

பயிற்சிக்காக ஒருவருடைய படத்தை அப்படியே எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஓவிய மாணவர்கள் காலங்காலமாகச் செய்வது அது. யாருடையது என்று கூடவே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அடுத்த பயிற்சியை இந்த மாவட்டத்திலேயே செய்யலாம். இராமலிங்க விலாசம் இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. காலையில் அங்கே போய், ஒரே ஒரு சுவரின் முன் நின்று, ஓவியர் எதைப் பெரிதாக்கினார், எதை விட்டார், விளிம்பில் என்ன வைத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் தேவிபட்டினம் கரைக்குப் போய், அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு எடுங்கள். எடுத்ததை அச்சிட்டு, முன்பு தரையில் பரப்பிய படங்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.